கொளத்து மேடு யாருடையது? மாவட்ட மன்றத்துக்கும் மற்ற இருவருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கும், வடிகால் நீர்ப்பாசனத் துறையின் மாவட்டப் பொறியாளர் அவர்களுக்கும், எங்கள் பழைய தோட்டத்தின் இன்றைய நிலச் சொந்தக்காரர்களுக்கும்,

வணக்கம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியே எழுதினால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்துவிட்டேன். எங்கள் ஊர்க் குளத்தின் மண் கரையான கொளத்து மேட்டுக்கு யார் பொறுப்பு என்று மன்றத்தில் கேட்டேன், அது தோட்டத்து நிலம் என்றார்கள். தோட்ட ஆபீசில் கேட்டேன், அந்தப் பகுதியை வீடமைப்புக்கு விற்றுவிட்டோம் என்றார்கள். வீடமைப்பு நிறுவனத்தில் இருந்த பெண் பிள்ளை நல்ல பிள்ளை, வரைபடத்தை விரித்தே காட்டியது. எங்கள் எல்லை கரையின் அடிவாரத்தோடு முடிகிறது அங்கிள் என்றது. தண்ணீர் சம்பந்தப்பட்டது என்பதால் இன்னொரு அலுவலகத்துக்குப் போனேன். பதிவேட்டில் அப்படியோர் அணையே இல்லையாம். 12 ஏக்கர் தண்ணீரை நான் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அங்கிருந்த அதிகாரியின் கம்ப்யூட்டரில் அது கிடையாது.

அப்படி யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த இடத்தில் போன மாதம் ஒரு பலகை முளைத்தது. ஓய்வுப் பூங்கா வரப்போகிறதாம். மேட்டின் மேல் சிமெண்டு நடைபாதை, விளக்குக் கம்பங்கள், நான்கு குடில்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. இந்த மடலுக்குக் காரணம் அந்தப் பலகைதான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பொறியாளன் கிடையாது. செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவன். என் அப்பா தோட்டத்துப் பம்ப் ஹவுஸ் ஆள். நான் பிறந்த லயத்திலிருந்து பார்த்தால் கொளத்து மேடு தெரியும். சிலாங்கூர், பேராக் எல்லையோரத்தில் இருக்கிற எங்கள் சின்னப் பட்டணத்தில் அதை அணை என்று யாரும் சொல்வதில்லை. பெரியவர்களுக்கு அது 'கொளம்', இளசுகளுக்கு 'டேம்', மலாய்க்கார நண்பர்களுக்கு 'எம்பாங்கான்'. மூன்று பெயரும் ஒரே மண் கரைக்குத்தான்.

அதைக் கட்டியது ரப்பர் ஆலைக்காக. பால்மரத்துப் பாலில் அளவாகத் தண்ணீர் கலந்து, ஃபார்மிக் ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் விட்டு, கழுவிக் கழுவிப் பாளமாக எடுப்பார்கள். அதற்கெல்லாம் தெளிந்த தண்ணீர் வேண்டும், நிறைய வேண்டும். வெள்ளைக்காரத் துரை இரண்டு குன்றுக்கு நடுவில் ஓடிய ஓடையை மறித்து மேடு போடச் சொன்னார். கூடையும் மண்வெட்டியும் நம் ஆட்களுடையவை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆலை மூடியது, தோட்டம் துண்டு துண்டாக விலை போனது. குளம் மட்டும் அப்படியே நின்றது.

சும்மா நிற்கவும் இல்லை. 2014-இல் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது ரவாங்கிலிருக்கும் என் மகள் குடும்பத்தோடு துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். 2020 செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்து சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்களே, அப்போது லோரியில் தோம்பு தோம்பாக இங்கிருந்து அள்ளிப் போனார்கள். வறட்சியில் காடு பற்றிக்கொண்டால் பொம்பா தீயணைப்பு வண்டி குழாய் இறக்குவதும் இந்தக் குளத்தில்தான். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கரகம் இங்கே ஜோடித்து எடுக்கிறோம். எங்கள் ஊரில் யார் இறந்தாலும் கருமாதி இந்தக் கரையில்தான், என் அப்பாவுக்கும் இங்கேதான் செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம் தோமான் மீனுக்குத் தூண்டில் போடும் கூட்டத்தில் என்னையும் பார்க்கலாம். அதனால் பூங்காவை எதிர்க்கிற ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். குளம் இருக்கட்டும், பூங்காவும் வரட்டும். கரை நின்றால்தானே இரண்டும்?

கரையைப் பற்றி அப்பாவிடம் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் உண்டு. காலை ஆறரைக்குக் கையில் பாராங் கத்தியோடு கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் நடப்பார். ஓரிடத்தில் நின்று, கம்பி கட்டிய பால் டின் ஒன்றை மண்ணில் பதித்த தகரத்துக்கு அடியில் பிடிப்பார். அங்கே கரை கசியும். மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். நாற்பது எண்ணும்போது டின் நிரம்பும். பிறகு அந்தத் தண்ணீரைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் கொட்டிவிட்டுப் போய்விடுவார்.

"எவ்வளவு வருதுன்னு மட்டும் பாக்காதடா, என்ன கலர்ல வருதுன்னு பாரு" என்பார். தெளிந்த தண்ணீர் கசிந்தால் அது வெறும் தண்ணீர். கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறது என்று பொருள். உள்ளே எலி வளை போல ஒரு குழாய் உருவாகிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு விரல் பருமன் இருப்பது மழை நாளில் சில மணி நேரத்தில் ஆள் நுழையும் பொந்தாகிவிடும், மேலே புல் பச்சையாகவே இருக்கும். உலகத்தில் உடைந்த மண் அணைகளில் பெரும்பாலானவை இரண்டே வழியில் உடைந்தவை: ஒன்று தண்ணீர் மேலேறி வழிந்தது, மற்றது இப்படி உள்ளுக்குள் அரித்தது.

ஓய்வு பெற்ற பிறகு அப்பாவின் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சம்பளம் கிடையாது, வீட்டில் திட்டு மட்டும் உண்டு. டின் இப்போது பதினைந்து எண்ணும்போதே நிரம்புகிறது. போன நவம்பரில் மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு கிளாசைத் தூக்கிப் பார்த்தேன். தே தாரிக் பால் தேநீரின் நிறம். இரண்டு நாளில் தெளிந்தது. தெளிந்துவிட்டதே என்று நிம்மதியாக இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் அலுவலகம் அலுவலகமாக ஏறினேன்.

அந்தக் கசிவு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஆலைக்குப் போன பழைய இரும்புக் குழாய் கரையின் அடியில் குறுக்கே ஓடுகிறது. கசிவு அந்தக் குழாய்க்கு இரண்டு முழம் தள்ளித்தான். குழாயின் வால்வு கரையின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. ஆலை மூடிய அன்று வால்வை இறுக்கிவிட்டுப் போனார்கள், விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள். பாய்லர் பார்த்தவனுக்கு இதில் என்ன கோளாறு என்று புரியும். வால்வு கடைசியில் இருந்தால், அதற்கு முன்னால் இருக்கும் குழாய் முழுவதும் இரவும் பகலும் குளத்தின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது, அதுவும் கரையின் வயிற்றுக்குள். துருப்பிடித்து ஓர் ஓட்டை விழுந்தால் தண்ணீர் பீய்ச்சுவது மண்ணுக்குள்ளேதான். அந்தக் குழாய்க்குள் கேமரா விட்டு யாராவது பார்த்திருக்கிறார்களா? நானறிய இல்லை.

அடுத்தது, மேலேறி வழிகிற வழி. குளத்தின் இடது ஓரத்தில் உபரித் தண்ணீர் போகச் சிமெண்டு வாய்க்கால் இருக்கிறது. நாங்கள் 'ஓவர்ஃப்ளோ' என்போம், ஊரிலிருந்து கப்பலேறி வந்த தாத்தாக்கள் கலிங்கு என்பார்கள். மீன்பிடிப் போட்டி நடத்தியவர்கள் அதன் வாயில் ஓர் அடி உயரத்துக்குப் பலகை அடித்தார்கள். தண்ணீர் கூடுதலாக நின்றால் மீனும் கூடுதலாக நிற்குமாம். போட்டி முடிந்தது, கோப்பை கொடுத்தார்கள், பலகையைக் கழற்றவில்லை. அதில் செம்பனை மட்டையும் ஆகாயத்தாமரையும் வந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. நானும் ஒரு பையனும் பாராங்கால் வெட்டி வெட்டி இழுத்தோம், பலகையின் ஆணி அசையவில்லை.

அப்பா காலத்தில் தண்ணீர் மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நான்கு அடி இடைவெளி இருக்கும். பலகையால் அது மூன்றடியாகிவிட்டது. போன நவம்பர் மழையில் ஒன்றரை அடிக்கும் குறைவாக இருந்ததைப் பார்த்தேன். அந்த ஒன்றரை அடியும் கரை நெடுகக் கிடையாது. தாமான் குடியிருப்புக்குக் குறுக்கு வழி என்று மோட்டார் சைக்கிள்கள் ஏறி இறங்கி, கரையின் நடுவில் ஒரு சாண் தாழ்ந்துவிட்டது. கரை முழுக்கச் சமமாக ஏறி வழியத் தண்ணீருக்குப் பொறுமை இருக்காது. அந்த ஒரு சாண் பள்ளத்தைக் கண்டுபிடித்து, அங்கேயே அறுக்கத் தொடங்கிவிடும்.

மழையும் பழைய மழை இல்லை. 2021 டிசம்பரில் ஒரு மாதம் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டியது என்று அதிகாரிகளே சொன்னார்கள். ஷா ஆலாமில் வீட்டுக் கூரையில் ஏறி உட்கார்ந்தவர்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த மழை இந்தக் குன்றுகளின் மேல் கொட்டியிருந்தால்? குளத்துக்குத் தண்ணீர் வரும் மேட்டில் முன்பு பால்மரமும் அதன் அடியில் மூடுகொடியும் இருந்தன. மண் குடித்தது போகத்தான் மிச்சம் வந்து சேரும். இப்போது அந்த மேட்டில் பாதி தார்ச்சாலை, கூரை, சிமெண்டு. விழுகிற தண்ணீர் அப்படியே ஓடி வருகிறது. துரை காலத்தில் அளந்து கட்டிய கலிங்கு இந்த ஓட்டத்துக்குப் போதுமா என்று கணக்குப் போட வேண்டியவர் பொறியாளர். அந்தக் கணக்கைத்தான் கேட்கிறேன்.

சின்னக் குளம்தானே என்று நினைக்க இடமுண்டு. உலக அளவில் பெரிய அணை என்றால் 15 மீட்டர் உயரமாவது இருக்க வேண்டும், அல்லது 5 மீட்டருக்கு மேல் உயர்ந்து 30 லட்சம் கனமீட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்க வேண்டும். எங்கள் மேடு 25 அடி, கிட்டத்தட்ட ஏழரை மீட்டர். தண்ணீரும் அந்த அளவுக்குப் பக்கத்தில் வராது. ஆகவே பட்டியலில் சேராது, சரி. ஆனால் 12 ஏக்கருக்குச் சராசரி இரண்டரை மீட்டர் ஆழம் என்று வைத்தால் ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரம் கனமீட்டர், அதாவது ஒரு லட்சத்து இருபதாயிரம் டன். முப்பது டன் எண்ணெய் ஏற்றிய டேங்கர் லோரிகள் நாலாயிரம். கரைக்குக் கீழே முதலில் இருப்பது தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பு, அடுத்து கோயில், அதையடுத்து புதிய தாமானின் முதல் வரிசை வீடுகள். தோட்டம் இருந்த காலத்தில் அங்கே வெறும் கங்கோங் கீரைப் பாத்திதான் இருந்தது. கரை அதே கரை. கீழே இருப்பவர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

இதற்கு நடந்த கதை உண்டு. ஜகார்த்தா ஓரத்தில் சித்து கிந்துங் என்று ஒரு குளம். டச்சுக்காரர்கள் 1930களில் பாசனத்துக்காக மண் கரை போட்டார்கள். வயல் போய் வீடுகள் வந்தன. குளத்தோரம் பொழுதுபோக்கு இடமானது. 2009 மார்ச் 27, முந்தின நாள் பெய்த கனமழைக்குப் பிறகு, பொழுது விடியாத நேரத்தில் கரை உடைந்தது. ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். அந்தக் குளம் எங்களுடையதைவிடப் பெரியதுதான், ஆனால் கதை ஒரே மாதிரி.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். கோலகுபு பாரு பக்கம் 'அம்பாங் பெச்சா' என்று ஓர் இடம் இருக்கிறதே, ஃப்ரேசர் மலைக்குப் போகிறவர்கள் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அம்பாங் என்றால் அணை, பெச்சா என்றால் உடைந்தது. 1883 அக்டோபரில் ஈயச் சுரங்கக் காலத்துப் பழைய அணை உடைந்து கோலகுபு ஊரை அடித்துக்கொண்டு போனது. மாஜிஸ்திரேட்டாகவும் வரி வசூலிப்பவராகவும் இருந்த சிசில் ராங்கிங் துரையும் செத்துப்போனார். அவர் அந்த நீரில் இருந்த வெள்ளை முதலையைச் சுட்டார், அந்தச் சாபம்தான் என்று ஊரில் கதை சொல்வார்கள். அணையைப் பார்க்காமல் விட்டதைவிட முதலையைச் சுட்டது சொல்வதற்குச் சுவாரசியமான காரணம், வேறென்ன! பிற்பாடு ஊரே வேறு இடத்துக்குப் பெயர்ந்து, பெயரில் 'பாரு', அதாவது புதியது, ஒட்டிக்கொண்டது. தினமும் அந்தப் பெயரைச் சொல்லி பஸ் ஏறுகிறவர்கள் நாம்.

மண் கரை என்றாலே உடைந்துதான் தீரும் என்று நான் சொல்லவில்லை. பேராக்கின் கிரியானில் புக்கிட் மேரா அணை 1906-இல் கட்டியது. அதுவும் மண் கரைதான். இன்றுவரை இருபதாயிரம் ஹெக்டேருக்கு மேல் நெல் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. அதற்கு ஒரு துறை பொறுப்பு, சம்பளம் வாங்கும் ஆள் உண்டு, அளந்து எழுதிவைக்கும் நோட்டு உண்டு. நாட்டில் 2017-இலேயே அணைப் பாதுகாப்பு மேலாண்மைக்கு வழிகாட்டி நூலும் வந்துவிட்டது. எங்கள் கரைக்கு இருப்பது ஒரு பால் டின்னும் நானும்.

பூங்காத் திட்டத்துக்கு வருகிறேன். போன ஆண்டு மரம் நடுவிழா நடந்தது. யாங் பெர்ஹோர்மாட், நம் மக்கள் பிரதிநிதி, வந்தார், பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், நாசி லெமாக் பொட்டலம் கொடுத்தார்கள். நட்டதெல்லாம் கரையின் வெளிச்சரிவில். பிள்ளைகள் ஆசையாக நட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மண் கரையில் வைக்கலாமென்றால் புல்தான். மரத்தின் வேர் கரைக்குள் போகும், மரம் பட்டால் வேர் அழுகும், அழுகிய வேர் இருந்த இடம் தண்ணீருக்கு ஆயத்தமான குழாய். கன்றுகள் இப்போது இடுப்பளவுதான். இந்த வருடமே பிள்ளைகளைக் கூட்டிவந்து பள்ளித் திடலில் மாற்றி நட்டுவிடலாம். ஏற்கெனவே தடித்துப்போன இரண்டு மரங்களை மட்டும் பொறியாளர் பார்க்காமல் யாரும் வேரோடு பிடுங்கிவிட வேண்டாம், அது இன்னும் கேடு.

சிமெண்டு நடைபாதை போட்டால் கரை உச்சியில் விழும் விரிசல் கண்ணில் படாமல் போய்விடும். விளக்குக் கம்பத்துக்குக் குழி தோண்டுவது கரையைத் தோண்டுவதுதான். நடைபாதை வேண்டுமென்றால் குளத்தின் மறுபக்கம் இயற்கையான மேட்டு நிலம் இருக்கிறதே, நிழலும் உண்டு. காட்டுப் பன்றி கிளறிய பள்ளம் மூன்று, உடும்புப் பொந்து ஒன்று, நான் பார்த்தவரை கரைச் சரிவில் இருக்கின்றன. குடில் கட்டும் பணத்தில் ஒரு சிறு துண்டு அவற்றை அடைக்கப் போதும்.

மதுரையில் வைகை உடைந்தபோது பாண்டியன் வீட்டுக்கு இவ்வளவு என்று கரையை அளந்து விட்டானாம். பிட்டு விற்ற கிழவிக்கும் ஒரு பங்கு. அவளுக்காக மண் சுமக்க வந்த கூலியாள் சிவபெருமான், பிரம்படி வாங்கியதும் அவர்தான். எங்கள் கோயிலில் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்று தோன்றும். அடைபடாத பங்கு யாருடையது என்று அரசனுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. கணக்கு அவ்வளவு சுத்தம்! இன்று எங்கள் கரையில் ஒரு பங்கு அடைபடவில்லை என்றால் பிரம்பை யார் முதுகில் போடுவது?

அதைத்தான் முதலில் கேட்கிறேன். மூன்று பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, இந்தக் கரைக்கு இன்னார் பொறுப்பு என்று ஒரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாள் வராமல் பூங்கா வேலைக்குக் குத்தகை விடாதீர்கள். கலிங்கில் இருக்கும் பலகைக்குத் தாளும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். கம்பியும் ரம்பமும் கொண்டு இரண்டு ஆட்கள் ஒரு காலை வேளை வந்தால் போதும். அக்டோபர் மழைக்கு முன்னால் வரட்டும்.

பிறகு பொறியாளர் வந்து குழாயையும் கசிவையும் பார்க்கட்டும். தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் குறைப்போம். ஒரேயடியாக மட்டும் திறந்துவிடாதீர்கள். ஊறிக் கிடக்கும் உள்சரிவு, தாங்கி நிற்கும் தண்ணீர் சட்டென்று இறங்கினால் சரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, நாள் கணக்கில் இறக்க வேண்டும். மீனைப் பற்றிக் கவலை வேண்டாம், அதற்கு எங்கள் சனிக்கிழமைக் கூட்டம் இருக்கிறது.

இன்னொன்று தலைமையாசிரியர் என்னிடம் கேட்டது. பாதி ராத்திரியில் தண்ணீர் கலங்கி வந்தால் நான் யாருக்கு போன் செய்வது? பள்ளிக்கும் கோயிலுக்கும் முதல் வரிசை வீடுகளுக்கும் யார் சொல்வது, எந்தப் பக்கம் ஓடச் சொல்வது? பெரிய அணைகளின் கீழ்ப்புறத்தில் சைரன் வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் கோயில் மணி போதும், அடிப்பது யார் என்று முடிவு செய்திருந்தால்.

காலை ஆறரைக்கு நான் அங்கேதான் இருப்பேன். டின் கசிவுக்குப் பக்கத்தில் கம்பி வேலியில் தொங்குகிறது, கிளாஸ் என்னிடம் இருக்கிறது. வருகிறவர்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள், அடிவாரத்தில் அட்டை அதிகம்.

இப்படிக்கு,
பம்ப் ஹவுஸ்காரர் மகன்